எதிர்வீட்டு மைனி கேட்ட கேள்வி

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள், அவள் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும்.

நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் வாத்தியார். வாயில் தொடங்கி ஆசனவாயில் முடிகிற செரிமான மண்டலத்தைக் கரும்பலகையில் கையெடுக்காமல் ஒரே இழுப்பில் வரைவேன். பிறகுதான் வண்ணம்: சிறுகுடலுக்கு மஞ்சள் சாக்பீஸ், பெருங்குடலுக்கு நீலம், கல்லீரலுக்குச் சிவப்பு. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பேர்ப்பட்ட நான், எனக்கே மலத்தில் ரத்தம் போனபோது, அது உடம்புச் சூடு என்று முடிவுகட்டி, ஒரு சீசன் முழுக்கத் தினமும் குற்றாலத்து ஐந்தருவியில் போய்த் தலையை நீட்டிக்கொண்டிருந்தேன். கோளாறு ஒரு முனையில், தண்ணீர் விழுவது மறுமுனையில். வரைபடம் மனப்பாடமாகத் தெரிந்தவனுக்கு இது தோன்றவில்லை.

இந்தக் குளியலை நிறுத்தியவர் எங்கள் எதிர்வீட்டு மைனி.

அண்ணன் பெண்டாட்டியை எங்கள் பக்கம் மதினி என்போம், வாயில் வரும்போது அது மைனி ஆகிவிடும். அவர் எனக்கு ரத்த உறவில்லை. தென்காசிக்கு நாங்கள் குடிவந்தபோது எதிர்வீட்டுக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அதனால் அவர் வீட்டம்மா மைனி ஆனார், நான் அவருக்குக் கொழுந்தன் ஆனேன். மைனிமார் கொழுந்தனைக் கேலி செய்யலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த உரிமையை அவ்வளவு தாராளமாகப் பயன்படுத்திய இன்னொருவரை நான் பார்த்ததில்லை.

அவருக்குச் சொந்த ஊர் வடகரை. பிறந்த வீடு ரைஸ்மில்லை ஒட்டி. மில் ஓடும்போது பேசிப் பேசி வளர்ந்த தொண்டை. அவர் வாசலில் நின்று ரகசியம் சொன்னால் தெருமுனை டீக்கடையில் ஆற்றிக்கொண்டிருக்கிற டீ நிற்கும்.

ஊரில் எல்லோரும் எதிரே வருகிறவரைப் பார்த்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். மைனி கேட்பது அதற்கு மறுகரை. "காலைல வெளிக்கு ஒழுங்காப் போச்சா?" பால்காரரைக் கேட்பார். கேபிள்காரரைக் கேட்பார். தபால்காரர் கடிதத்தைக் காம்பவுண்டுக்குள் வீசிவிட்டு சைக்கிளை மிதித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் புதிதாகக் கல்யாணமாகி மறுவீட்டு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை ஒருவர், பந்தியில் நாலாவது நாளும் வடையைத் தள்ளி வைத்தார். மைனி பக்கத்தில் போய் உட்கார்ந்து, ரெண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு திம்மென்று நிறைந்துவிடுகிறதா என்று கேட்டார். மாப்பிள்ளை மாமியார் முகத்தைப் பார்த்தார். மாமியார் விட்டத்தைப் பார்த்தார். வடையில் உப்பு கூடுதல் என்று கடைசியில் தெரிந்தது, அதைச் சொல்ல முடியாமல்தான் அந்தப் பிள்ளை தவித்திருக்கிறார்.

கல்யாண வீடுகளில் மற்றப் பெண்கள் நகையைப் பார்ப்பார்கள், பட்டைப் பார்ப்பார்கள். மைனி தொண்டையைப் பார்ப்பார். யார் ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து இறக்குகிறார்கள், யார் கை சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறது, யார் கண் மஞ்சளாக இருக்கிறது, யாருக்குப் போன தடவை இறுக்கமாக இருந்த ரவிக்கை இந்தத் தடவை தொங்குகிறது. ஒரு பெரியவர் ஜாங்கிரியை விழுங்க முடியாமல் திணறுவதைப் பார்த்துவிட்டு, பந்தி முடிகிறவரை அவர் இலைக்கு எதிரே நின்றார். கடைசியில் பெரியவர் கோபத்தோடு பல்செட்டைக் கழற்றிக் காட்டினார். மைனி அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது லூசாத்தான் இருக்கு, போயி சரி பண்ணுங்க" என்று விட்டார்.

அவர் வைத்தியம் சொல்ல மாட்டார். கஷாயம், பத்தியம், கைமருந்து எதுவும் கிடையாது. யாராவது தன் தொந்தரவைச் சொல்லி முடித்ததும் ஒரே மருந்துச்சீட்டு: "டாக்டர்ட்ட காட்டு." பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் இருக்காது. "ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டார் மைனி, வீண் அலைச்சல்" என்று வந்து குறைபட்டுக்கொண்டால், ஒன்றுமில்லை என்பதைக் கேட்கத்தானே போனது என்பார். புளியங்குடி எலுமிச்சை மண்டிக்காரர் ஒருவரின் கண் மஞ்சளைப் பார்த்து அவர் துரத்தித் துரத்தி அனுப்பியதில், பித்தநாளத்தை ஒரு கல் அடைத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கல்தான், வேறொன்றுமில்லை. அந்த மனிதர் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு சாக்கு எலுமிச்சம்பழம் அனுப்புவார். தெருவே ஊறுகாய் போடும்.

நான் ஒருமுறை துணிந்து திருப்பிக் கேட்டேன். "எல்லாரையும் கேக்கிறியளே, உங்களுக்கு எப்படி மைனி?" கையிலிருந்த காய்கறிப் பையால் முதுகில் ஒன்று விழுந்தது. "எனக்கென்னலே, மணி அடிச்ச மாதிரி. பொம்பளகிட்ட கேக்க கேள்வியப் பாரு." தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பதிலைப் பற்றி அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. எனக்குத்தான் உரிய நேரத்தில் எதுவும் தோன்றாதே.

சரி, என் சூட்டுக்கு வருகிறேன்.

அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்திருந்தது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் பைக்கில் குற்றாலம் போய் ஒரு குளியல். வரும் வழியில் பஜாரில் வாங்கிய மூல லேகியம் ஒரு உருண்டை. ராத்திரி வெந்தயம், காலையில் நீராகாரம். பரோட்டாவும் நாட்டுக்கோழியும் நிறுத்தம். உடம்பு இளைத்தது. என் மனைவி அதைப் பார்த்துப் பூரித்துப்போய், "எங்க வீட்டு சார் சொன்ன பேச்சு கேட்டு தொப்பையக் குறைச்சிட்டாக" என்று தெருவில் பெருமையடித்தாள். நான் வயிற்றை எக்கிக்கொண்டு நடந்தேன். ரத்தத்தைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை. கேட்டால் மூலம் என்று சொல்லத் தயாராக இருந்தேன், ஆனால் கேட்கும்படி வைத்துக்கொள்ளவில்லை. வாத்தியார் பாஷையில் சொன்னால், விடை தெரிந்துவிடுமோ என்கிற பயத்தில் கேள்வித்தாளைப் பிரிக்காமல் வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் கூட்டமான கூட்டம். ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் நடுவில் ஒரு கம்பி. நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பக்கம் எங்கள் தெருப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி நிற்பது எனக்குத் தெரியாது. அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசினாலே கேட்காது. ஆனால் ரைஸ்மில் தொண்டைக்கு அருவியெல்லாம் ஒரு பொருட்டா?

"ஏ கொழுந்தனாரே! நீ தெனம் இங்கன வாரியாமே. ஒனக்கு ரத்தம் போகுதாலே?"

கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தியது. ஊதலை வாயில் வைத்திருந்த போலீஸ்காரர் ஊத மறந்துபோனார். நான் காதில் விழாத மாதிரி மலை உச்சியைப் பார்த்தேன். உச்சியில் மேகம் இருந்தது, குரங்கு இருந்தது, என்னைக் காப்பாற்ற யாரும் இல்லை. எனக்குப் பின்னால் நின்ற, முன்பின் தெரியாத ஒரு மனிதர் என் தோளைத் தொட்டு, மிகுந்த அக்கறையோடு, "எத்தன நாளா சார்?" என்றார். அவருக்குப் பின்னால் நின்றவர், தனக்கும் போன மாசத்திலிருந்து அப்படித்தான் என்றார். அதற்குப் பின்னால் ஒருவர் லேகியத்தின் பெயரைக் கேட்டார். அருவியை எட்டுவதற்குள் ஆண்கள் வரிசையில் ஒரு மாநாடே நடந்துவிட்டது. அத்தனை பேரும் சூடு என்றுதான் வந்திருந்தார்கள்.

குளித்து வந்து மிளகாய் பஜ்ஜிக் கடையோரம் நின்றபோது மைனி என்னைத் தனியாகப் பிடித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். குரலைத் தணித்துப் பேசினார். அந்தக் குரல் அவரிடம் இருக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அண்ணாச்சி பெருங்குடல் புற்றுநோயில் போனவர். உரக்கடை வைத்திருந்தார், அதிகம் பேசாத மனிதர். கண்டுபிடித்தபோது அது கல்லீரலுக்கு ஏறியிருந்தது. அதுவரைக்கும் எங்கள் தெருவுக்குத் தெரியும். மிச்சத்தை மைனி சொன்னார்.

"அதுக்கு முந்தின சீசன் முழுக்க அவுகளும் தெனம் அருவிக்கு வந்தாக. ஒரே சூடுன்னாக. நானும் துண்ட மடிச்சு மடிச்சுக் குடுத்தேன். ஒரு வருசமா ரத்தம் போயிருக்கு, எனக்குத் தெரியாம தண்ணி ஊத்தி ஊத்தி விட்டிருக்காக." பஜ்ஜியைப் பிய்த்தார், சாப்பிடவில்லை. "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து மூணு வேளையும் சாப்பிட்டியளா, சாப்பிட்டியளான்னு கேட்டேன். மத்தத ஒரு நாளு கேட்டனா? அசிங்கம்னு நெனச்சேன். கேட்டிருந்தா சொல்லியிருப்பாகளோ என்னவோ."

நான் தலையைக் குனிந்துகொண்டு, எனக்கு வெறும் மூலமாகத்தான் இருக்கும் என்றேன்.

"இருக்கட்டும். டாக்டர் சொல்லட்டும். இன்னைக்கு ஒம் பொண்டாட்டிகிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?"

நானே சொல்கிறேன் என்றேன். அதற்கு அவசியம் இருக்கவில்லை. அருவியில் மைனி கத்தியபோது, என் மனைவி கம்பிக்கு அந்தப் பக்கம், அவருக்கு நேர் பின்னால் நின்றிருக்கிறாள். அன்று வீடு திரும்பும்வரை அவள் என்னோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தபின் பேசியதை எழுத இங்கே இடமில்லை.

திருநெல்வேலியில் ஒரு குடல் டாக்டரைப் பார்த்தோம். பின்வழியாகக் குழாய் விட்டுக் கேமராவில் பார்க்க வேண்டும், குடல் சுத்தமாக இருந்தால்தான் தெரியும், அதனால் கொட்டை, விதை, கீரை எதுவும் கூடாது, முந்தின நாள் தண்ணீர் ஆகாரம் மட்டும் என்றார். முந்தின நாள் மத்தியானமே காரில் கிளம்பினோம், பாளையங்கோட்டையில் என் சகலை வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. முன்சீட்டில் மனைவி, பின்சீட்டில் காவலுக்கு மைனி. மைனிக்குக் கார் நகர்ந்தாலே தூக்கம் வரும், என் மனைவிக்கு அவர் தூங்கினால் தூக்கம் வரும். பாவூர்சத்திரம் தாண்டியதும் ரோட்டோரம் ஒரு சர்பத் வண்டி. வெயிலுக்கு நன்னாரி சர்பத். தண்ணீர் ஆகாரம்தானே? சூட்டுக்கும் நல்லதாயிற்றே? வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி இரண்டு கிளாஸ் குடித்தேன். நீர் ஊறிப் பளபளவென்று மிதந்த சப்ஜா விதையை, குளிர்ச்சிக்கு இருக்கட்டும் என்று, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். விதை என்றால் கொய்யா விதை, தக்காளி விதை. சப்ஜாவை விதை என்று யார் நினைக்கிறார்கள்?

கேமரா நினைத்தது. மறுநாள் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது டாக்டர் முகத்தில் ஒரு குழப்பம். உள்ளே பார்த்த இடமெல்லாம் தவளை முட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறதாம். உறிஞ்சுகிற குழாய் அடைத்துக்கொண்டது, பாதியில் நிறுத்திவிட்டேன், என்ன சாப்பிட்டீர்கள் என்றார். சொன்னேன். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்றார். அதைச் சொல்லவில்லை. மைனி சொல்லிவிட்டார்.

திரும்ப வேறொரு நாள் குறித்தார்கள். அந்த முறை வண்டி ஓட்ட டிரைவர் வைத்து, பின்சீட்டில் என்னை உட்கார வைத்து, எனக்கும் என் மனைவிக்கும் நடுவில் மைனி உட்கார்ந்து, கண்ணை மூடாமல் வந்தார்.

பெருங்குடலின் இடப்பக்கம் காம்போடு ஒரு காளான் மாதிரி சதை இருந்தது. கம்பிச் சுருக்குப் போட்டு அங்கேயே அறுத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிறவரை நான் ஜோக் அடிக்கவில்லை என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள், அதுதான் அவளுக்குப் பயமாக இருந்ததாம். முடிவு வந்தது. இன்னும் புற்றாகவில்லை, ஆனால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டிருந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: குடலில் இது பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை, இப்படி ஒரு சதையாகத் தொடங்கி, வருஷக்கணக்கில் வளர்ந்துதான் மாறும். அந்த வருஷங்களுக்குள் பார்த்துவிட்டால் எடுத்துவிடலாம். இனி அவ்வப்போது வந்து காட்டிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். புத்தகம் என்னிடம்தான் இருந்தது.

கூடவே மூலமும் இருக்கிறது என்றார். நான் எழுந்து உட்கார்ந்து, "பாத்தியளா மைனி, நான் சொன்னதும் சரிதான்" என்றேன்.

"வாசல்ல ரெண்டு பேரு நிக்கான். தெரிஞ்சவன மட்டும் பாத்துட்டுக் கதவ அடைச்சா, மத்தவன் போயிருவானா?" என்றார் மைனி.

அதன்பிறகு கொஞ்ச காலத்தில் அவர் மகளோடு கோயம்புத்தூர் போய்விட்டார். போனாலும் கேள்வி நிற்கவில்லை, போனில் வந்தது. ஆசிரியர் ஓய்வறையில் தெரியாமல் ஸ்பீக்கரைத் தட்டிவிட்ட நாளில் தலைமையாசிரியர் உட்பட எல்லோருக்கும் என் காலைக்கடன் விவரம் தெரிந்தது. மறுவாரம் கணக்கு சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு அந்த டாக்டரின் விலாசம் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பிறகு, கேட்க வேண்டும் என்று ஞாபகம் வந்து, துரத்திப் போய்க் கேட்டேன்.

சீசனுக்கு மட்டும் மைனி வருவார், எங்கள் வீட்டில் நாலு நாள் இருப்பார், ஒரு நாள் அருவி, மிச்ச நாள் தெரு விசாரணை. இந்த வருஷமும் வந்தார். வந்த மறுநாள் ஐந்தருவி போனார். அதற்கு மறுநாளும் போனார். மூன்றாம் நாள் காலையில் நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, "ஏட்டி, துண்டு எங்கன இருக்கு?" என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தார். என்ன மைனி தினம் அருவியா என்றேன், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சும்மாதான். ஒரே சூடா இருக்கு."

பேப்பரைக் கீழே வைத்தேன். மைனியின் கையில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. காலையில் இலையில் வைத்த ரெண்டு இட்லியில் ஒன்று அப்படியே இருந்தது. அவர் துண்டைத் தானே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். எப்படிக் கேட்பது என்று நான் யோசிப்பதற்குள், ஆட்டோ வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டார். இத்தனை வருஷம் அவர் கேட்டு, நாங்கள் பதில் சொல்லியே பழகிவிட்டது. அண்ணாச்சி போனபின் அந்தத் தொண்டைக்கு எதிரே நின்று அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆள் இல்லை. ஒரே ஒருவன் கேட்டான், அவனும் சிரிப்பதற்காகக் கேட்டான்.

பைக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையில் மைனி ஏறக்குறைய அருவியின் வாயில் நின்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு முறை கூப்பிட்டேன், கேட்கவில்லை. எனக்கு ரைஸ்மில் தொண்டை கிடையாது. இருபது வருஷமாகக் கடைசி பெஞ்சுக்குக் கேட்கக் கத்திய தொண்டை உண்டு. அதை முழுக்கத் திறந்தேன்.

"மைனி! உங்களுக்கு ரத்தம் போகுதா?"

பெண்கள் வரிசை மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. பெண் போலீஸ் ஊதலோடு என்னை நோக்கி நடந்து வந்தார். பின்னால் யாரோ, வாத்தியார் மாதிரி இருக்கார், புத்தி இல்லையே என்றார்கள். நான் கம்பியை விடவில்லை. மைனி மட்டும் திரும்பாமல் நின்றார். ஈர முதுகு, தோளில் அந்தத் துண்டு. போலீஸ் அம்மா என் கையைப் பிடித்துவிட்டார். "எங்க மைனிம்மா அவுக, பதில் சொல்லட்டும், போயிருதேன்" என்றேன்.

மைனி மெதுவாகத் திரும்பினார். பிறகு அருவியில் நனையாமலே வரிசையை விட்டு விலகி, கம்பிக்கு அருகே வந்து, எனக்கு மட்டும் கேட்கிற அந்த இன்னொரு குரலில் சொன்னார்:

"நாளைக்குக் காலைல கார எடு. சர்பத் வண்டிகிட்ட நிப்பாட்டாத."